வராத பதினோரு நாள்

அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கும் பெண்மணியை எல்லோரும் ரெஜிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. அவருடைய கணவர்கூட அலுவலகத்துக்குப் போன் செய்தால், “ரெஜிஸ்டரம்மா ஃப்ரீயா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரித்தும் கொள்வார்.

ரெஜிஸ்டரம்மாவுக்கு ஒரு கர்வம் உண்டு. சின்னதுதான், ஆனால் கெட்டியானது. அவர் எழுதிய பதிவேடு எதிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்த ஆய்வாளர், அதெப்படி ஒரு தப்புகூட இல்லாமல் இருக்கும் என்று சந்தேகப்பட்டு ஒன்றரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். இந்தக் கதையைப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ரெஜிஸ்டரம்மா சொல்வார். மறந்துபோய் இரண்டாம் முறையும் சொல்வார். ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதுவரை ஒரு சுழி பிசகாமல் கரையேறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவர் உட்கார்ந்திருக்கும் அறை சிறியது. இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி. அலமாரியின் கீழ்க்கதவைக் காலால் ஓர் உதை விட்டால்தான் திறக்கும். வராந்தா பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல், அதில் அரைவட்டமாக ஒரு துவாரம். கண்ணாடி போட்டவன் யாருடைய உயரத்துக்கு அளவெடுத்தானோ, அந்தத் துவாரம் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பெற்றோர்கள் குனிந்துதான் கேட்க வேண்டும். ஆகவே முப்பத்தோரு வருடமாக எல்லாப் பெற்றோரையும் அவர் கழுத்து வளைந்த நிலையிலேயே பார்த்துப் பழகியிருந்தார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மூன்று காரியங்கள் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஒன்று பரிசளிப்பு. இன்னொன்று முன்னாள் படைவீரர்களுக்கு நன்றி சொல்வது. அது வருடாவருடம் நடப்பது. மூன்றாவது, பத்தாம் வகுப்பில் இறந்துபோன பெண்ணுக்கு ஒரு நிமிட மௌனம். மூன்றையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

“முதல்ல மௌனம், அப்புறம் நன்றி, கடைசியா பரிசு. அழுதுகிட்டு உட்கார்ந்தவங்க சிரிச்சுகிட்டு எழுந்து போகணும்,” என்றார். நிகழ்ச்சி நிரல் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இறந்துபோன பெண் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். அப்பா வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதனால் மணியடிக்க இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே அவள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். கேட் காவலாளி அவளுக்கு அலாரம் என்று பெயர் வைத்திருந்தார். “அலாரம் வந்துடுச்சு, திறந்துட வேண்டியதுதான்,” என்று சொல்லித்தான் சாவியை எடுப்பார். மழை கொட்டிய நாளும் வந்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மறுநாள், கன்னம் உப்பிப்போய்ப் பேச முடியாமல் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; வீட்டுக்குப் போ என்றதற்கு மாட்டேன் என்று கடைசி மணிவரை இருந்தாள். மாலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளே குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டாள். செத்ததுகூட லீவு நாள் பார்த்துத்தான்.

பள்ளிக்கூடத்தில் முழு வருகைப் பரிசு என்று ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. பதிவேட்டில் பெயர் இருந்த நாட்களும் வந்த நாட்களும் சரிக்குச் சரியாக இருந்தால் பரிசு. ஒன்று குறைந்தாலும் கிடையாது. இதில் மார்க்கும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், சிபாரிசும் செல்லாது. பட்டியல் போடுவது ரெஜிஸ்டரம்மா. விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பட்டியலை டைப் செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஆறு பெயர் இருந்தது.

மறுநாள் ஜன்னலில் லிஃப்ட் மெக்கானிக் குனிந்தார். மௌன அஞ்சலிக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க.”

“போர்டுல லிஸ்ட் பார்த்தேன். முழு வருகைப் பரிசுல எம்பொண்ணு பேரு இல்லையே?”

இன்னொருவராக இருந்தால், உட்காருங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருப்பார். ரெஜிஸ்டரம்மாவின் நாக்கு அப்படிப் பழகவில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் கை அலமாரிக்குத்தான் போகும். உதைத்துத் திறந்து, பதிவேட்டை எடுத்து, விரலை வைத்து, இருந்ததை இருந்தபடியே படித்துவிட்டார்.

“பேர் இருந்த நாள் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது. வந்தது தொள்ளாயிரத்துப் பதினெட்டு. பதினோரு நாள் வரலைன்னு இருக்கேங்க.”

“பதினோரு நாளா? எந்தப் பதினோரு நாளும்மா?”

அவர் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. வராத நாளுக்குப் பூஜ்யம் போடுவது அந்தப் பள்ளிக்கூட வழக்கம். முதல் பூஜ்யம் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. அடுத்தது ஆறு. அடுத்தது ஏழு. அப்படியே வரிசையாகப் பத்தொன்பதாம் தேதி வரைக்கும். ஐந்தாம் தேதி அந்த வகுப்பே அவளைக் கடைசியாகப் பார்க்கத்தான் போயிருந்தது. பள்ளிக்கூடமே கூட்டிப்போனதால் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் வருகை போட்டிருந்தது. அவளுக்கு மட்டும் பூஜ்யம்.

ரெஜிஸ்டரம்மாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“நாலாந்தேதிதானம்மா அவ போனா,” என்றார் மெக்கானிக். கண்ணாடி வழியாக அவருக்கும் அந்தக் கட்டங்கள் தெரிந்தன. சண்டை போடுவார் என்று ரெஜிஸ்டரம்மா எதிர்பார்த்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, “சரிம்மா. ரெஜிஸ்டர்ல அப்படி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து போய்விட்டார்.

நடந்தது இதுதான். பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டுமானால் அதற்கொரு காகிதம் வேண்டும். ஊர் மாறிப் போகிற பிள்ளைக்குப் பெற்றோரின் விண்ணப்பம். இறந்த பிள்ளைக்கு இறப்புச் சான்றிதழ். காகிதம் வராதவரை பெயர் இருக்கும், பெயர் இருந்தால் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. வகுப்பாசிரியை சின்னப் பெண். மூன்று தடவை வந்து, “அம்மா, நான் என்ன போடட்டும்? கை வரமாட்டேங்குது,” என்று கேட்டாள். “பேப்பர் வரட்டும், பார்க்கலாம். அதுவரைக்கும் பூஜ்யம் போடு,” என்றார் ரெஜிஸ்டரம்மா. அந்தக் காகிதத்தை மெக்கானிக்கிடம் போய்க் கேட்க வேண்டியவர் அவர்தான். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதனிடம் போய், ஒரு நகல் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது என்று நாளைக் கடத்தினார். போனை எடுப்பார், வைப்பார். கடைசியில் மெக்கானிக்கே இருபதாம் தேதி ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ரெஜிஸ்டரம்மா சிவப்பு மையால் பெயரில் கோடிழுத்து, நீக்கிய தேதி என்ற இடத்தில், காகிதம் கைக்கு வந்த தேதியைப் போட்டார். ஊர் மாறிப் போகிறவர்களுக்கு அப்படித்தான் போடுவது வழக்கம். முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் போயிருக்கிறார்கள், எல்லோரும் ஊர் மாறித்தான் போனார்கள். கை தன் பழக்கத்துக்கு எழுதிவிட்டது. சிவப்புக் கோடு விழுந்த பெயர்களைப் பரிசுக் கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை.

மாலையில் குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டில் காவலாளி வழியை விடாமல் நின்றார். அவர் இளமையில் காலாட்படையில் இருந்தவர். பிள்ளைகள் அவரைக் கேப்டன் என்பார்கள். கேப்டனாக அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டார். ஒரு காது கேட்காது. ஆகவே எதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார்.

“அலாரத்தோட அப்பா வந்துட்டுப் போனாரும்மா. வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியாம அஞ்சு நிமிஷம் நின்னாரு. வரலைன்னு எழுதியிருக்காமே?”

“பேப்பர் லேட்டா வந்துச்சு கேப்டன். அதான்.”

“எங்க ஆளு ஒருத்தன் இருந்தான்மா. என்கூட ஒரே கூடாரம். ஆத்தைத் தாண்டும்போது குண்டு விழுந்து போயிட்டான். உடம்பு கிடைக்கலை, ரிப்போர்ட்டும் மேல வந்து சேரலை. சாயங்காலம் பேர் கூப்பிடுறப்ப எழுதுறவன் என்ன போடுவான்? வரலைன்னு போட்டான். ஒன்பது நாள் போட்டான். எங்க கணக்குல அத்தனை நாள் வரலைன்னா ஓடிப்போயிட்டான்னு அர்த்தம். வீட்டுக்கு லெட்டர் போயிடுச்சு, உங்க பையன் ஓடிட்டான், வந்தா பிடிச்சுக் குடுங்கன்னு. ரெண்டு தடவை வீடு பூந்து தேடினாங்க. அவங்க தேடினதுகூடப் பரவாயில்லைம்மா. அவன் அம்மாவும் தேட ஆரம்பிச்சுட்டாங்க. ஓடிவந்திருந்தா எங்கயாவது உயிரோட இருப்பானேன்னு. ஆறு மாசம் தேடினாங்க.”

ரெஜிஸ்டரம்மா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“எழுதினவன் நல்லவன்தான்,” என்றார் காவலாளி. “பேப்பர் வரலை. அவ்வளவுதான்.” சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார்.

ரெஜிஸ்டரம்மாவின் கணவர் ஒரு பேக்கரிக்கு ரொட்டி வேன் ஓட்டுகிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்பிவிடுவார். ஆகவே அந்த வீட்டில் இரவுச் சமையல் அவருடையது. மனைவி வந்ததும் வராததுமாகச் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

“தப்பு யாரோடது?”

“என்னோடதுதாங்க.”

“திருத்த முடியுமா?”

“முடியும். அடிச்சு எழுதணும். ஏன் அடிச்சேன்னு மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும். மெமோ வரும். முப்பத்தோரு வருஷம்ங்க, ஒரு திருத்தல் கிடையாது.”

“இத்தனை வருஷத்துல நான் எத்தனை தடவை வண்டியை இடிச்சிருக்கேன், ஞாபகம் இருக்கா?”

“ஏழு.”

“எட்டு. ஒண்ணை உன்கிட்ட சொல்லலை. நான் நிம்மதியா சாப்பிடாமலா இருக்கேன்? போய் முகத்தைக் கழுவிட்டு வா.”

மறுநாள் தலைமையாசிரியரிடம் பதிவேட்டை விரித்துக் காட்டினார். தலைமையாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர்.

“கணக்கு மேல போயிடுச்சேம்மா. இப்ப கை வெச்சா கேள்வி வரும். உங்க பென்ஷன் பேப்பர் போகிற நேரம். மௌன அஞ்சலியில பேரைச் சொல்றோமே, அது போதாதா?”

“அது அவ செத்ததுக்கு சார். இது அவ வந்ததுக்கு.”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணு செய்யலாம். ரெஜிஸ்டரைத் தொட வேணாம். சர்டிஃபிகேட் மட்டும் ஒண்ணு எழுதிக் குடுத்துடுவோம். யார் வந்து சரிபார்க்கப் போறாங்க?”

ரெஜிஸ்டரம்மாவுக்கு ஆசை வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்தப் பெண்ணின் பெயரும் வாசிக்கப்படும், பதிவேடும் சுத்தமாக இருக்கும், ஏழு மாதமும் ஓடிவிடும். ஒரு நிமிடம் அந்த யோசனையைப் புரட்டிப் பார்க்கத்தான் செய்தார்.

“வேணாம் சார். உள்ள பூஜ்யம் இருக்கிற வரைக்கும் அது பொய் சர்டிஃபிகேட். அவ பொய்யா வாங்க வேணாம். உண்மையாவே வந்திருக்கா.”

“அப்போ விளக்கத்துல என் பேரு வரக் கூடாது.”

“என் பேருதான் வரும் சார். என் தப்புதானே.”

அன்று மதியம் சிவப்புப் பேனாவை எடுத்தார். நீக்கிய தேதியை அடித்து, நான்கு என்று எழுதினார். பிறகு பதினோரு பூஜ்யங்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். விதிப்படி ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் அவருடைய சுருக்கொப்பம் வேண்டும், தலைமையாசிரியருடையதும் வேண்டும். பன்னிரண்டு அடித்தல், இருபத்து நான்கு சுருக்கொப்பம். முடித்துவிட்டுப் பார்த்தால் பக்கம் கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. விளக்கக் கடிதத்தில் “எனது கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை” என்று எழுதினார். கவனம் குறைந்ததால் வந்த பிழை இல்லை அது. அந்த அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் குறைந்ததால் வந்தது. அதற்கெல்லாம் அலுவலகத் தமிழில் வார்த்தை கிடையாது. ஆகவே கவனக்குறைவு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு பலகையில் இருந்த பட்டியலைக் கிழித்துவிட்டு, ஏழு பெயரோடு புதிதாக ஒன்றை ஒட்டினார்.

மெக்கானிக்குக்கும் அவரே போன் செய்தார். இந்த முறை எடுத்த போனை வைக்கவில்லை. “தப்பு என்னோடதுங்க. திருத்திட்டேன். நீங்க வந்து வாங்கிக்கணும்,” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, “வர்றேம்மா,” என்று மட்டும் வந்தது.

விழா அன்று காலை மண்டபம் நிறைந்துவிட்டது. மின்விசிறிகளில் இரண்டு ஓடவில்லை. முதலில் மௌனம். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாற்பதாவது நொடியில் யாருடைய போனோ அலறியது, அதன் சொந்தக்காரர் அதை அணைக்கத் தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அடுத்து நன்றி. மேடையில் மூன்று பேர்: கப்பற்படையில் இருந்த ஒரு தாத்தா, போர்முனை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா, கேட் காவலாளி. கப்பல் தாத்தா வருடாவருடம் சொல்லும் புயல் கதையைச் சொன்னார். இந்த வருடம் அலை போன வருடத்தைவிட உயரமாக இருந்தது. நர்ஸம்மா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். காவலாளி மலர்க்கொத்தை வாங்கிக்கொண்டு, “நாங்க திரும்பி வந்தவங்க. வராதவங்களுக்கும் சேர்த்துக் கை தட்டுங்க,” என்றார். தட்டினார்கள்.

பிறகு பரிசுகள். கணக்கு, ஓட்டம், ஓவியம் எல்லாம் போய்க் கடைசியில் முழு வருகை வந்தது. அந்தப் பரிசுக்கு மட்டும் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. தலைமையாசிரியர் பெயரைப் படித்துவிட்டு, வகுப்பில் வருகை எடுப்பதுபோல நிறுத்துவார். அந்தப் பிள்ளை இருந்த இடத்தில் எழுந்து, “உள்ளேன் ஐயா!” என்று கத்திவிட்டுத்தான் மேடைக்கு வர வேண்டும். யார் அதிகச் சத்தமாகக் கத்துகிறார்கள் என்பதில் ஒரு போட்டியே நடக்கும், மண்டபம் சிரிக்கும். முதல் மூன்று பிள்ளைகள் அப்படியே கத்தினார்கள். மேடையோரம் மேசையில் சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ரெஜிஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் சுரீரென்றது. இந்த வழக்கத்தை மெக்கானிக்கிடம் யாரும் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம், அந்தப் பெயருக்கு நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

நான்காவது பெயர் அவளுடையது. தலைமையாசிரியர் படித்தார். பழக்கத்தில் நிறுத்தியும் விட்டார். நிறுத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

நடு வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டைப் பையில் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள் பதில் சொன்னதைப் பார்த்திருந்ததால், பதில் சொல்லாமல் போகக் கூடாது போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“இல்லீங்க ஐயா,” என்றார். “இருந்த வரைக்கும் வந்தா.”

ரெஜிஸ்டரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை அடக்கவில்லை. சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் நீட்டாமல், தானே எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய் அவர் கையில் கொடுத்தார்.

“ஆமாங்க,” என்றார். “வந்தா.”